பெரியாரின் இல்லறமும் ஒரு திரைப்படமும்

பெரியோர் வாழ்க்கையை எழுதுவோர் பலரும் அவர்கள் ஏறிய மேடைகளையும் இருந்த சிறைகளையும் எண்ணிக் கணக்குக் கொடுப்பார்கள். மேடையிலிருந்து இறங்கி வீடு திரும்பியபோது அங்கே காத்திருந்தவர் யார், சிறைக்குச் சென்ற நாட்களில் வீட்டையும் தொழிலையும் தாங்கியவர் யார் என்பதை ஓரிரு வரிகளில் முடித்துவிடுவார்கள். பெரியார் ஈ.வெ. இராமசாமியின் வாழ்க்கைக்கு அந்த முறை பொருந்தாது. அவர் வீட்டைப் பற்றியே நாட்டுக்குப் பேசியவர். திருமணம், தாலி, கற்பு, சொத்து, பெண்ணடிமை ஆகியவற்றை ஊர் நடுவே வைத்து ஆராய்ந்தவர். ஆகவே அவருடைய வீட்டுக்குள் நாம் எட்டிப் பார்ப்பது பண்பற்ற செயலாகாது. அவர் கற்பித்த ஆராய்ச்சியை அவரிடமே செய்து பார்ப்பதாகும்.

இதை எழுதக் காரணம் உண்டு. நம் சங்கத்தில் திரையிடுவதற்குப் படம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது, ஞான. ராஜசேகரன் இயக்கி 2007ஆம் ஆண்டு வெளிவந்த ‘பெரியார்’ படத்தை நான் கூறினேன். நண்பர்களில் சிலர் மகிழ்ந்தனர். சிலர் தயங்கினர். 1949ஆம் ஆண்டுத் திருமணம் படத்தில் வருகிறது, அதனால் வீண் சண்டை மூளும் என்பது அவர்கள் அச்சம். சண்டை மூண்டாலும் படத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்கான காரணங்களை இப்பக்கங்களில் கூற முயல்கிறேன்.

முதலில் படத்தைப் பற்றிச் சில சொற்கள். இயக்குநர் ஞான. ராஜசேகரன் கேரளத்தில் இந்திய ஆட்சிப் பணி அதிகாரியாக இருந்தவர். ‘மோகமுள்’, ‘பாரதி’ ஆகிய படங்களை எடுத்த பின் இப்படத்தை எடுத்தார். பெரியாராகச் சத்யராஜ், மணியம்மையாராகக் குஷ்பு, நாகம்மையாராக மலையாள நடிகை ஜோதிர்மயி நடித்தனர். அவ்வாண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது இதற்குக் கிடைத்தது. நாராயண குருவின் வாழ்க்கையைக் கூறும் மலையாளப் படமான ‘யுகபுருஷன்’ 2010ஆம் ஆண்டு வந்தபோது, குருவாக நடித்தவர் தமிழ் நடிகர் தலைவாசல் விஜய். ஈரோட்டு நாகம்மையாராக ஒரு மலையாளப் பெண், செம்பழந்திக் குருவாக ஒரு தமிழர்! தமிழும் மலையாளமும் பேருந்தில் அருகருகே அமர்ந்து செல்லும் தம்பானூரில் வாழும் எனக்கு இந்தக் கொடுக்கல் வாங்கல் மிகவும் பொருத்தமாகப் படுகிறது.

இனி வாழ்க்கைக்கு வருவோம்.

1879ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள் ஈரோட்டில் செல்வ வணிகர் வெங்கட்ட நாயக்கருக்கும் சின்னத்தாயம்மாளுக்கும் பிறந்தவர் இராமசாமி. பள்ளியில் சில ஆண்டுகளே படித்தார். பன்னிரண்டு வயதளவில் தந்தையின் கடைக்கு வந்துவிட்டார். வீட்டுக்கு வரும் பண்டிதர்களிடம் புராணங்களைப் பற்றிக் குறுக்குக் கேள்வி கேட்பதே அவருக்குப் பொழுதுபோக்கு. 1898ஆம் ஆண்டு, தம் பத்தொன்பதாம் வயதில், நாகம்மையாரை மணந்தார். மணமகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. அவர்களுக்குப் பிறந்த ஒரே பெண் குழந்தை ஐந்து மாதத்தில் இறந்துவிட்டது. அதன்பின் குழந்தை இல்லை.

நாகம்மையார் கோயிலும் விரதமுமாக வளர்ந்தவர். கணவரோ எல்லாவற்றையும் ஏன் என்று கேட்பவர். மனைவியின் விரதத்தைக் கெடுக்க அவர் செய்த குறும்புகளையும், ஏதேதோ சொல்லித் தாலியைக் கழற்ற வைத்த கதையையும் அவருடைய வரலாற்றை எழுதியோர் சிரிப்பு வரும்படி எழுதியிருக்கிறார்கள். படிக்கும்போது நாமும் சிரிக்கிறோம். ஆனால் அந்தப் பதின்மூன்று வயதுப் பெண் சிரித்தாளா என்பதை அந்த நூல்கள் சொல்வதில்லை.

1904ஆம் ஆண்டு வீட்டாருடன் மனம் வேறுபட்டு, இளம் மனைவியை விட்டுவிட்டுக் காசிக்குச் சென்றார் இராமசாமி. அங்கே சத்திரங்களில் பார்ப்பனருக்கு மட்டுமே சோறு என்று அவரைத் தள்ளினார்கள். பசி தாளாமல் எச்சில் இலையில் கிடந்ததை எடுத்துண்டார். அந்தப் பசி அவர் வாழ்க்கையில் ஒரு திருப்பம் என்பதை நாம் அறிவோம். அவர் எங்கே இருக்கிறார் என்பதே தெரியாமல் ஈரோட்டில் ஒரு பெண் கழித்த நாட்களும் அதே வரலாற்றின் பகுதிதான்.

திரும்பி வந்தவர் வணிகத்தில் சிறந்தார். தங்கையின் மகள் சிறு வயதிலேயே கணவனை இழந்தபோது, உறவினர் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் 1909ஆம் ஆண்டு அவளுக்கு மறுமணம் செய்து வைத்தார். கூட்டம் கூட்டிப் பேசுவதற்கு முன்பே தம் குடும்பத்துக்குள் செய்து காட்டிய சீர்திருத்தம் அது. பின்பு ஈரோடு நகராட்சித் தலைவரானார். அந்தப் பதவியைத் துறந்து காங்கிரசில் சேர்ந்தார். மது ஒழிப்புக்காகத் தம் தோப்பிலிருந்த ஐந்நூறுக்கு மேற்பட்ட தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தார். 1921ஆம் ஆண்டுக் கள்ளுக்கடை மறியலில் அவர் சிறை சென்றதும் நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் வீதிக்கு வந்து மறியலை நடத்தினார்கள். மறியலை நிறுத்துவது தம் கையில் இல்லை, ஈரோட்டிலுள்ள இரண்டு பெண்களின் கையில் இருக்கிறது என்று காந்தியடிகள் கூறியதாகச் சொல்வர்.

அடுத்து வைக்கம். இந்நகரில் படிக்கும் நமக்கு இது அயலூர்க் கதையன்று. கோயிலைச் சுற்றிய வீதிகளில் ஈழவரும் புலையரும் நடக்கக் கூடாது என்ற தடையை எதிர்த்து 1924ஆம் ஆண்டு மார்ச்சு 30ஆம் நாள் அங்கே சத்தியாக்கிரகம் தொடங்கியது. நாராயண குரு தம் மடத்தையே போராட்டக்காரர் தங்க அளித்தார். கே.பி. கேசவ மேனன், டி.கே. மாதவன், ஜார்ஜ் ஜோசப் முதலிய தலைவர்கள் சிறைப்பட்டதும் ஈரோட்டுக்கு அழைப்புச் சென்றது. ஏப்ரலில் வந்து சேர்ந்த இராமசாமி, ஊர் ஊராகப் பேசினார். முதலில் ஒரு மாதம் அருவிக்குட்டிச் சிறை. விடுதலையானதும் தடையை மீறி மீண்டும் பேசினார். இம்முறை நான்கு மாதக் கடுங்காவல் தண்டனை, திருவனந்தபுரம் மத்திய சிறையில். தலைவர்கள் பலர் அரசியல் கைதிகளாக நடத்தப்பட்டபோது, இவர் மட்டும் காலில் விலங்குடன், சாதாரணக் கைதிகளோடு வேலை செய்ததைக் கேசவ மேனன் வியந்து எழுதியிருக்கிறார். தம்பானூரிலிருந்து பூஜப்புரைப் பேருந்தில் ஏறினால் சிறிது நேரத்தில் அந்தச் சிறையின் மதில் தெரியும். அவ்வழியே போகும்போதெல்லாம் எனக்கு அந்த விலங்கின் ஓசை நினைவுக்கு வரும்.

அவர் உள்ளே இருந்தபோது நாகம்மையார் வெளியே இருந்தார். ஆனால் ஈரோட்டில் இல்லை. திருவிதாங்கூருக்கே வந்து, பெண்களைத் திரட்டிப் போராட்டத்தில் ஈடுபடுத்தினார். மொழி வேறு, நாடு வேறு, கணவர் சிறையில். அந்நிலையில் அயலூர்த் தெருவில் நின்று அயலார் உரிமைக்காகக் குரல் கொடுத்தவர், ஒரு காலத்தில் விரதம் கெட்டதற்காக அழுத அதே பெண்மணி. அரசர் மூலம் திருநாள் ஆகஸ்டில் மறைந்தபின் கைதிகள் விடுதலையாயினர். 1925ஆம் ஆண்டு இறுதியில் கோயிலின் மூன்று பக்கத்து வீதிகள் எல்லோருக்கும் திறந்தன. 1936ஆம் ஆண்டு ஆலய நுழைவுப் பிரகடனம் வந்தது. வைக்கத்தில் பெரியார் நினைவகம் புதுப்பிக்கப்பட்டு 2024ஆம் ஆண்டு டிசம்பரில் இரு மாநில முதலமைச்சர்களும் சேர்ந்து திறந்து வைத்தனர். நாகம்மையாருக்கும் அந்தப் பெருமையில் சம பங்கு உண்டு.

1925ஆம் ஆண்டு ‘குடி அரசு’ தொடங்கியது. அவ்வாண்டே காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரி உரிமைத் தீர்மானம் மறுக்கப்படவே காங்கிரசிலிருந்து வெளியேறினார். சுயமரியாதை இயக்கம் வளர்ந்தது. புரோகிதர் இல்லாத திருமணங்கள் நடந்தன. 1929ஆம் ஆண்டு செங்கற்பட்டு மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமையும் மணவிலக்கு உரிமையும் வேண்டுமென்றது. 1931ஆம் ஆண்டு இறுதியில் அவர் ஐரோப்பாவுக்கும் சோவியத்து நாட்டுக்கும் புறப்பட்டு, ஏறத்தாழ ஓராண்டு கழித்துத் திரும்பினார். ஈரோட்டு வீட்டுக்கு வந்த தொண்டர்களுக்கெல்லாம் சோறிட்டவர் நாகம்மையார். 1933ஆம் ஆண்டு மே 11ஆம் நாள் அவர் காலமானார். அழுகை கூடாது, சடங்கு கூடாது என்றார் கணவர். மறுநாளே பொதுப்பணிக்காகத் திருச்சிக்குச் சென்றார்.

இரக்கமற்றவர் என்று இதைக் கண்டு பலர் கூறினர். ஆனால் அப்போது ‘குடி அரசில்’ அவர் எழுதிய இரங்கல் உரையைப் படித்தவர்கள் அப்படிக் கூறமாட்டார்கள். பெண் விடுதலையைப் பற்றித் தாம் ஊருக்குச் சொன்னதில் நூற்றில் ஒரு பங்கைக்கூட நாகம்மையாரிடம் நடந்து காட்டியதாகச் சொல்லிக்கொள்ளத் தமக்குத் தகுதியில்லை என்ற கருத்தை அதில் வெளிப்படையாகவே எழுதினார். கேட்டு வற்புறுத்தியவர் எவருமில்லை. எழுதாமல் விட்டிருந்தால் குறை சொல்வாரும் இல்லை. தம் பத்திரிகையில், தம் தொண்டர்கள் படிக்கும்படி, தாமே எழுதினார்.

நான் இயற்பியல் படிப்பவன். ஆய்வுக்கூடத்தில் எங்களுக்கு முதலில் கற்பிக்கும் பாடம் ஒன்று உண்டு. ஓர் அளவைக் குறிக்கும்போது அதில் எவ்வளவு பிழை இருக்கக்கூடும் என்பதையும் பக்கத்திலேயே குறிக்க வேண்டும். பிழை குறிக்காத அளவு எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை நம்பமாட்டோம். தம் கொள்கையைக் கூறி, அதன் பக்கத்திலேயே தம் நடத்தையின் குறையையும் எழுதி வைத்த தலைவர்கள் உலகில் மிகச் சிலரே. பெரியாரின் பெருமையை வைக்கத்தில் பார்ப்பவர் உண்டு, இந்தி எதிர்ப்பில் பார்ப்பவர் உண்டு. நான் அந்த இரங்கல் உரையில் பார்க்கிறேன்.

இந்தப் படத்தை என் பெற்றோருடன் எங்கள் தம்பானூர் வீட்டில் மடிக்கணினியில் பார்த்தேன். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பம் எங்களுடையது. தந்தையார் உணவு விடுதி ஒன்றில் வேலை பார்ப்பவர். இளமை முதல் பெரியாரிடம் பற்றுடையவர். அம்மாவுக்கு அரசியல் தெரியாது. படம் முடிந்ததும் தந்தையார் வைக்கத்தைப் பற்றி வெகுநேரம் பேசினார். அம்மா ஒன்றுதான் கேட்டார். குழந்தை இறந்த பிறகு அந்த அம்மாளுக்கு ஆறுதலாக யார் இருந்தார்கள் என்று. தந்தையாரிடம் விடையில்லை. என்னிடமும் இல்லை. நான் படித்த வரலாறுகள் எதிலும் அந்தக் கேள்வியே இல்லை. அதைக் கேட்க என் தாயார் வேண்டியிருந்தது.

இனி, நண்பர்கள் அஞ்சும் பகுதி.

1938ஆம் ஆண்டு சென்னையில் கூடிய பெண்கள் மாநாடு அவருக்குப் ‘பெரியார்’ என்ற பெயரைத் தந்தது. அவ்வாண்டே கட்டாய இந்தியை எதிர்த்துச் சிறை சென்றார். 1944ஆம் ஆண்டு சேலத்தில் திராவிடர் கழகம் பிறந்தது. அண்ணாதுரை அவருடைய வலக்கையாக விளங்கினார். வேலூரைச் சேர்ந்த மணியம்மையார் 1943ஆம் ஆண்டளவில் இயக்கத்துக்கு வந்து, முதியவருக்கு உணவும் மருந்தும் கொடுத்துப் பார்த்துக்கொண்டார். கூட்டங்களில் புத்தகங்களை விற்றார். 1949ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் பெரியார் அவரை மணந்தார். அவருக்கு அறுபத்தொன்பது வயது. மணியம்மையாருக்கு இருபத்தொன்பது.

கழகம் அதிர்ந்தது. பொருந்தா மணத்தைக் கண்டித்த இயக்கத்தின் தலைவரே இதைச் செய்யலாமா என்று கேட்டனர். அண்ணாதுரையும் அவரைச் சார்ந்தோரும் கண்ணீர் விட்டு விலகினர். பெரியார் அவர்களைக் கண்ணீர்த்துளிகள் என்றே பின்னாளில் ஏளனமாகக் குறித்து வந்தார். செப்டம்பர் 17ஆம் நாள், பெரியாரின் பிறந்த நாளன்றே, சென்னையில் திராவிட முன்னேற்றக் கழகம் தொடங்கியது.

பெரியார் கூறிய காரணம் சொத்தும் இயக்கமும் பற்றியது. தமக்குப்பின் இரண்டையும் காக்க நம்பிக்கையான ஒருவரைச் சட்டப்படி வாரிசாக்க விரும்பினார். அன்றைய இந்துச் சட்டம் பெண்ணைத் தத்தெடுத்து வாரிசாக்க இடம் தரவில்லை. மனைவி என்ற உறவையே சட்டம் ஏற்றது. பெண்ணை மதிக்காத சட்டத்தை எதிர்த்தவர், அச்சட்டத்துக்குள் ஒரு பெண்ணைத் தலைமைக்குக் கொண்டுவர மணமகனாக வேண்டியிருந்தது. காலம் செய்த விந்தை இது! எனினும் கேள்வி தீர்ந்துவிடவில்லை. 1952ஆம் ஆண்டு அவரே சுயமரியாதைப் பிரசார நிறுவனத்தைப் பதிவு செய்து சொத்துக்கு வேறு ஏற்பாடு செய்தார். அவ்வழியை மூன்றாண்டு முன்பே தேடியிருக்கலாகாதா? தொண்டர்களிடம் கலந்து பேசியிருக்கலாகாதா? எனக்கு இவை நியாயமான கேள்விகளாகவே தோன்றுகின்றன.

திருமணத்துக்கு முன் அவர் கலந்து பேசியது இராஜாஜியிடம். திருவண்ணாமலையில் இருவரும் தனியே சந்தித்தனர். இராஜாஜி அப்போது நாட்டின் கவர்னர் ஜெனரல். கொள்கையில் நேர் எதிரி. 1938இல் பெரியாரைச் சிறைக்கு அனுப்பிய ஆட்சியின் முதலமைச்சர். அவரே இந்த மணத்தைத் தூண்டினார் என்று ஊர் பேசியது. என்ன பேசினோம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் பழி நீங்கியிருக்கும். நண்பர் அந்தரங்கமாகக் கூறியதை வெளியிடலாகாது என்று பெரியார் வாய் திறக்கவில்லை. 1972ஆம் ஆண்டு டிசம்பரில் இராஜாஜி மறைந்தபோது, தொண்ணூற்று மூன்று வயதுப் பெரியார் சக்கர நாற்காலியில் சுடுகாட்டுக்குச் சென்று கண்ணீர் விட்டார். மனைவி இறந்தபோது அழுகை கூடாதென்றவர் எதிரிக்காக அழுதார். இதைக் குறையாகச் சிலர் கருதலாம். முதுமை அவருக்கு அழக் கற்றுக்கொடுத்தது என்று நான் கருதுகிறேன்.

அண்ணாதுரையின் உறவும் அப்படியே மலர்ந்தது. பதினெட்டு ஆண்டுப் பிரிவுக்குப்பின், 1967ஆம் ஆண்டுத் தேர்தலில் வென்ற அண்ணாதுரை, தம்மை எதிர்த்துப் பிரசாரம் செய்த பெரியாரைத் தேடித் திருச்சிக்கே சென்றார். அவ்வாண்டே சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு அளிக்கும் திருத்தத்தைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றினார். ஒரு திருமணத்தால் பிரிந்தவர், ஆயிரமாயிரம் திருமணங்களைச் சட்டப்படி செல்லுபடியாக்கிக் குருவுக்குக் காணிக்கை செலுத்தினார்.

மணியம்மையாரைப் பற்றி இவர்களில் யார் கேட்டனர்? 1949ஆம் ஆண்டுச் சண்டை முழுவதும் இரண்டு ஆண்களைப் பற்றிய சண்டையாகவே நடந்தது. அந்தப் பெண் ஏசப்பட்டார், இழிவாகப் பேசப்பட்டார். விடை கூறாமல் கிழவருக்குச் சோறூட்டினார், புண்ணைத் துடைத்தார், ஊர் ஊராக உடன் சென்றார். 1973ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் வேலூரில் பெரியார் மறைந்தபோது, திருமணமாகி இருபத்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதன்பின் கழகத்தின் தலைமையை ஏற்று, நெருக்கடி நிலைக் காலத்தின் அடக்குமுறையையும் தாங்கி, 1978ஆம் ஆண்டு மார்ச்சில் மறையும்வரை இயக்கத்தை நடத்தினார். செல்வத்துக்காக வந்தவர் என்ற பழிக்கு அவருடைய வாழ்க்கையே விடை. ஆனால் ஒரு பெண் தன் நேர்மையை மெய்ப்பிக்க முப்பதாண்டு உழைக்க வேண்டியிருந்தது என்பதில் நாம் பெருமைப்பட ஒன்றுமில்லை.

இவ்வளவையும் படம் காட்டிவிடுகிறதா? இல்லை. தொண்ணூற்று நான்கு ஆண்டு வாழ்வை ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் அடைக்கும்போது, நிகழ்ச்சிகள் பாடநூலின் தலைப்புகள்போல ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஓடுகின்றன. நாயகனிடம் கொண்ட மரியாதையால் கேமரா அவரை விட்டு அகல மறுக்கிறது. நாகம்மையார் தனியே இருக்கும் நேரமோ, மணியம்மையார் தனியே எண்ணும் நேரமோ நமக்குப் போதிய அளவு கிடைப்பதில்லை. ஆயினும் சத்யராஜ் இளமைக் குறும்பிலிருந்து முதுமைத் தளர்ச்சி வரை அந்த மனிதரை உயிரோடு நடமாட வைக்கிறார். சிலையாகக் கண்டவரை ஒரு வீட்டுக்குள் உண்பவராகவும் சிரிப்பவராகவும் காண்பதே பெரிய இலாபம்.

ஆதலால் நண்பர்களே, இப்படத்தை நம் காரியவட்டம் வளாகத்தில் திரையிட வேண்டும் என்று மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். போற்றுவோரும் வரட்டும், தூற்றுவோரும் வரட்டும். பெரியாரைத் தொழுவது அவருக்குப் பிடிக்காது. ஆராயாமல் ஏசுவது அறிவுடையோர்க்கு அழகன்று. படம் முடிந்தபின் கருத்துரை நடக்கட்டும். அதில் சங்கத்தின் தலைவரோ செயலாளரோ முதலில் எழ வேண்டாம். நம் உறுப்பினர்களான மாணவிகள் முதலில் பேசட்டும். நாம் இன்னும் சில ஆண்டுகளில் திருமணம் செய்துகொள்ளப் போகிறவர்கள். சமத்துவம் பேசிய பேச்சுப் போட்டிகளில் கோப்பை வாங்கியவர்கள் நம்மிடையே பலர். நம் வீட்டில் நம்முடன் வாழப்போகும் பெண், நாம் பேசியதில் நூற்றில் எத்தனை பங்கைக் காண்பாள் என்ற கணக்கை இப்போதே போடத் தொடங்குவது நல்லது. அந்தக் கணக்கைத் தாமே போட்டு, குறைந்த மதிப்பெண்ணைத் தமக்குத் தாமே கொடுத்துக்கொண்டவர் ஒருவர் நமக்கு முன் இருந்திருக்கிறார்.